பாலுக்கு ஆகாத பாத்திரம்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மின்கெட்டிலைத் தீர்த்துக்கட்டியது பால். ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்த வாரம் அது. விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டவர், கேஸ் லைட்டர் சத்தத்தில் யாரும் விழித்துவிடக் கூடாதே என்று, அரை லிட்டர் பாலைக் கெட்டிலில் ஊற்றி, தேயிலைத் தூள், சர்க்கரை, நசுக்கிய இஞ்சி எல்லாம் போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டுப் பல் துலக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பால் மூக்கு வழியே ஒரு பக்கமும் மூடி வழியே மறுபக்கமும் வழிந்து, மேடையைத் தாண்டித் தரைக்கு இறங்கியிருந்தது. உள்ளே அடித்தட்டில் கறுப்பாக ஒரு தோசை. "ஏன்டா, கொதிச்சா தானா நின்னுக்கும்னு சொன்னே. பால் பொங்குனா நிக்கத் தெரியாதா இதுக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குத் தெரியாதுதான். ஏன் தெரியாது என்று புரிந்துகொண்டால் கெட்டில் வாங்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

தண்ணீர் கொதிக்கும்போது எழும் ஆவி, மூடிக்கு அருகே உள்ள ஒரு சிறு துளையில் நுழைந்து, கைப்பிடிக்குள்ளோ அடிப்பாகத்துக்கோ போகிறது. அங்கே காசளவில் ஓர் உலோகத் தகடு காத்திருக்கும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. ஆவி பட்டுச் சூடேறியதும் ஒரு பக்கம் குழிந்திருந்தது சட்டென்று மறுபக்கம் குழிகிறது, சுவிட்சைத் தள்ளுகிறது. நாம் கேட்கும் 'டக்' அதுதான். சாதாரண மின்கெட்டில் தண்ணீரின் சூட்டை அளப்பதே இல்லை. ஆவி வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கிறது. பாலிலோ புரதமும் கொழுப்பும் மேலே ஏடு கட்டிக்கொள்ள, அடியிலிருந்து எழும் ஆவி அதில் மாட்டி நுரையாகப் பொங்குகிறது. ஆவி தகட்டைத் தொடுவதற்குள் நுரை வீதிக்கு வந்துவிடும். போதாததற்கு அந்த நுரை ஆவித் துளையிலும் புகுந்து காய்ந்துகொள்ளும். பிறகு தண்ணீர் வைத்தாலும் கெட்டில் நிற்காது.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். மூடியைச் சரியாக மூடாமல் வைத்தால் ஆவி நேரே கூரைக்குப் போய்விடும், தகட்டுக்குப் போகாது. தண்ணீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டிருக்கும். 'ஆட்டோ கட்ஆஃப் வேலை செய்யல' என்று கடைக்குத் திரும்பக் கொண்டுவரப்படும் கெட்டில்களில் சிலவற்றிலாவது மூடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வற்றிப்போனால் காப்பாற்ற அடித்தட்டின் கீழே இன்னொரு தகடு உண்டு. தண்ணீரே இல்லாமல் போட்டுவிட்டாலும் அது நிறுத்திவிடும். இந்த இரண்டாவது காப்பு இல்லாத கெட்டில் எவ்வளவு மலிவானாலும் வீட்டுக்குள் வரக் கூடாது.

இந்தத் தகட்டு வித்தையைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர். ஐல் ஆஃப் மேன் தீவில் அவர் நடத்திய ஸ்ட்ரிக்ஸ் நிறுவனத்தின் சுவிட்சுகள் உலகெங்கும் பல கோடிக் கெட்டில்களின் அடியில் இருக்கின்றன. பெட்டியின் மேலே யார் பெயர் அச்சடித்திருந்தாலும், உள்ளே நிறுத்துகிற கை வேறொருவருடையதாக இருக்கலாம். அதே டெய்லர்தான் கேம்பிரிட்ஜில் 2008-இல் திறந்துவைக்கப்பட்ட கார்ப்பஸ் கடிகாரத்தையும் செய்வித்தவர். ஒரு ராட்சத வெட்டுக்கிளி நொடிகளைத் தின்றுகொண்டே நடக்கும் கடிகாரம். கெட்டில் சம்பாதித்த பணம் காலத்தைத் தின்னும் பூச்சியாக மாறியது எனக்குப் பிடித்த செய்தி.

மின்கெட்டில் வளர்ந்தது பாலை முதலில் சேர்த்துக் காய்ச்சாத நாட்டில். பிரிட்டனில் ஆர்.ஈ.பி. கிராம்ப்டனின் நிறுவனம் 1890-களிலேயே மின்கெட்டில் விற்றது. நம் வீட்டு மின்விசிறிகளில் பார்க்கும் அதே கிராம்ப்டன்தான். சூடேற்றும் பாகம் அப்போது தண்ணீருக்கு வெளியே, அடியில் தனி அறையில் இருந்தது. கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். 1922-இல் பர்மிங்காமின் ஸ்வான் கெட்டில், சூட்டுக் கம்பியை ஒரு குழாய்க்குள் அடைத்துத் தண்ணீருக்குள்ளேயே இறக்கியது. தானாக நிற்கும் கெட்டில் வந்தது 1955-இல், ரஸ்ஸல் ஹாப்ஸ் கே1. அதன் பிறகு அந்த நாட்டில் கெட்டில் என்பது தேசியப் பழக்கமாகவே ஆகிவிட்டது. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்ற மறுநிமிடம், துக்கத்தை ஆற்ற எல்லாரும் எழுந்து தேநீருக்குப் போனார்கள். நாட்டின் மின்தேவை ஒரே மூச்சில் 2,800 மெகாவாட் எகிறியது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளின் மொத்தத் திறனைவிட அதிகம். இப்படிப்பட்ட திடீர்த் தாகத்துக்கு ஈடுகொடுக்கும் வேலைகளில் ஒன்றாகத்தான் வேல்ஸ் மலைக்குள் டினோர்விக் நீர்மின் நிலையம் 1984-இல் இருந்து காத்திருக்கிறது.

பிரிட்டன்காரர்கள் ஒரே சமயத்தில் கெட்டில் சுவிட்சைப் போட்டதும் அதற்குக் காரணமான தேநீரும் ஒரே கதை. அங்கே கொதிநீரை இலைமேல் ஊற்றி ஊறவைக்கிறார்கள். பால் பிறகு, குளிராகவே. நம் வீட்டில் பாலும் தண்ணீரும் தூளும் ஒன்றாகக் கொதிக்கும். நம் தூளே அதற்கென்று செய்ததுபோல அமைந்தது. வில்லியம் மெக்கெர்ச்சர் 1930-இல் அசாமில் கொண்டுவந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி மணி மணியாக்குகிறது. பாலோடு கொதித்தாலும் நிறமும் காரமும் குறையாது. ஆகவே வீட்டுத் தேநீருக்கு ஏற்ற 'கெட்டில்' எது என்று கேட்டால், ஒரு கனமான அடிப்பாகமுள்ள சாஸ்பேன் என்றுதான் சொல்வேன். அதற்குமேல் செலவு வேண்டாம்.

அப்படியானால் நமக்குக் கெட்டில் எதற்கு? தெருமுனை டீக்கடையைப் பாருங்கள். பித்தளை பாய்லரில் வெந்நீர் தனியாகக் கொதிநிலையை ஒட்டியே நிற்கும், பால் தனியாகக் காய்ந்துகொண்டிருக்கும், துணி வடிகட்டியில் டஸ்ட் தேயிலை. மாஸ்டர் வெந்நீரைத் துணிமேல் ஊற்றி, டிகாஷனை இறக்கி, பாலைச் சேர்த்து, ஆற்றித் தருகிறார். வீட்டுத் தேநீருக்கும் கடைத் தேநீருக்கும் ருசி வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த பாய்லர் செய்கிற வேலையைத்தான் கெட்டில் செய்யும். கெட்டில் வெந்நீர்ப் பாத்திரம். அதைத் தேநீர்ப் பாத்திரமாக நினைத்து வாங்கினவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஃபில்டர் காபிக்கு டிகாஷன் போடவும், மருந்து விழுங்கவும், ஃபிளாஸ்க் நிரப்பவும், மழைக்காலத்தில் குடிநீர் காய்ச்சவும் ஒரு தமிழ் வீட்டில் வெந்நீருக்கு நாளெல்லாம் வேலை இருக்கிறது. பாலில்லாத கட்டஞ்சாயா, சுலைமானி, க்ரீன் டீ குடிக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதல். இலங்கையிலும் பிளேன்ரீ என்றால் கொதிநீர்தான் முதல். யாழ்ப்பாணத்து அடுப்படியில் அதைக் 'கேத்தில்' என்பார்கள். சிங்களத்தில் கேத்தலய. தமிழ்நாட்டிலும் மூக்குள்ள பாத்திரம் இல்லாமல் இல்லை, கெண்டி இருந்தது. ஆனால் கெண்டி அடுப்பு ஏறாது.

இனி வாட்டுக்கு வருவோம். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் எண் அதுதான், கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். எந்தக் கெட்டிலும் இதைக் குறைக்க முடியாது. இந்தியாவில் பரவலாக விற்கும் 1,500 வாட் கெட்டில், வெளியே கசியும் சூட்டையும் சேர்த்து, நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். செலவு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பத்து லிட்டருக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டு வீடுகளில், மற்ற செலவு குறைவாக இருந்தால், இது கணக்கிலேயே வராது. வாட் குறைந்த கெட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நம்பி 600 வாட் வாங்குகிறவர்கள் உண்டு. மிச்சமாவது ஒன்றுமில்லை. அதிக நேரம் எடுக்கும், அந்த நேரமெல்லாம் சுற்றுப்புறத்துக்குக் கொஞ்சம் சூட்டைத் தானமும் செய்யும்.

நிஜமாகப் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கிறது. 1,500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். டேபிள் ஃபேனும் மொபைல் சார்ஜரும் செருகுகிற சிறிய பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஒரு நாள் தாங்கும், ஒரு மாதம் தாங்கும். பிறகு பிளக்கைச் சுற்றி மஞ்சள் படரும், அப்புறம் கருகல் நாற்றம். கெட்டிலுக்கு இடம் பவர் பாயிண்ட், அதாவது எலக்ட்ரீஷியன்கள் இன்னும் '15 ஆம்ப்ஸ்' என்று சொல்லும் 16 ஆம்பியர் சாக்கெட். ஜங்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. மின்கம்பி குட்டையாக இருக்கிறதே என்று பலர் குறைப்படுகிறார்கள். மேடையிலிருந்து தொங்கும் கம்பியைத் தவழும் குழந்தை இழுத்துவிடக் கூடாது என்றுதான் அதை அப்படிச் செய்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 1,500 வாட்டைக் கண்டதும் கூச்சலிட்டு நின்றுவிடும்.

வோல்டேஜ் குறைந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு. வாட் வோல்ட்டின் வர்க்கத்தோடு போகும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், 1,500 வாட் கெட்டில் 920 வாட்டுக்கு இறங்கிவிடும். நான்கு நிமிடம் ஆறரை ஆகும். கெட்டில் மட்டம் என்று திட்ட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். இதே விதி தலைகீழாக வேலை செய்வதை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் காட்டுவார்கள். டொராண்டோவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கே 1,500 வாட்டுக்குமேல் கெட்டில் கிடைப்பது அரிது. அதை இங்கே கொண்டுவந்து செருகினால் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு வாட் பாயும். ஒரே ஒரு தேநீரோடு கதை முடியும். லண்டன் கெட்டில் 3,000 வாட், 13 ஆம்பியர். வோல்ட் ஒன்றுதான், ஆனால் சப்பைப் பின்னுக்கு ஒரு சின்ன அடாப்டர் போட்டு 6 ஆம்பியர் பாயிண்டில் செருகுவார்கள். என் சித்தப்பா மகன் அன்போடு கொண்டுவந்த கெட்டிலால் எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. லண்டனில் ஒரு லிட்டர் இரண்டு நிமிடத்தில் கொதிப்பதும் டொராண்டோவில் நாலு நிமிடம் ஆவதும் சுவர்களின் குணமே தவிர கெட்டில்களின் குணமில்லை.

உலோகத்தைப் பற்றிக் கடைகளில் நடக்கும் ஒரு நாடகம் உண்டு. விற்பனையாளர் ஒரு காந்தத்தை எடுத்துக் கெட்டிலில் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டவில்லை. "பாருங்க சார், 304 ஸ்டீல்" என்பார். 304 என்பது 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் சேர்ந்த எவர்சில்வர். துருவுக்கு நன்றாகத் தாங்கும். காந்தம் அதில் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 201, 202 ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. அடியிலோ பெட்டியிலோ 304 என்று அச்சிட்டிருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. காந்தம் உண்மையிலேயே உதவும் இடம் வேறு. இன்டக்‌ஷன் அடுப்புக்குக் கெட்டில் வாங்கும்போது காந்தம் அடித்தட்டில் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டாவிட்டால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே மதிக்காது.

பிளாஸ்டிக் கெட்டில்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். குழந்தைப் பால்புட்டிகள் விஷயத்தில் சர்ச்சைக்குள்ளான பி.பி.ஏ. அதில் இல்லை. ஆனால் 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிபுரொப்பிலீன் பால்புட்டிகளைச் சோதித்து, சூடான நீர் படும்போது அவை எண்ணற்ற நுண்துகள்களை உதிர்க்கின்றன என்று காட்டினார்கள். சூடு கூடக் கூட உதிர்வும் கூடியது. அது உடம்பில் என்ன செய்யும் என்பது தனி விவாதம். எனக்கு அந்த விவாதத்தின் முடிவு தெரியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை, எஃகு பக்கம் போய்விட்டேன். எஃகுக் கெட்டிலிலும் மூடியின் உட்புறம், நீர்மட்டம் காட்டும் ஜன்னல், மூக்கின் வலை இவையெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கலாம். கடையிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம். போரோசிலிகேட் கண்ணாடிக் கெட்டில் அழகு. குமிழிகள் எழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். உப்புத் தண்ணீர் ஊரில் மூன்றாம் வாரத்தில் அந்த அழகு போய்விடும்.

உப்பு என்று சொன்னதும் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கெட்டிலின் ஆயுளை நிர்ணயிப்பது விலையைவிட அதிகமாகத் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கிறது; வேறு நீர் இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் ஒரு கெட்டில் ஆண்டுக்கணக்கில் பளபளவென்றே இருக்கும். அதே ஊரில் போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் மாதத்துக்குள் அடித்தட்டு சுண்ணாம்படித்த சுவராகிவிடும். நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறியதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிவதுதான் காரணம். அந்தப் படிவு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தட்டு மட்டும் சூடேறும், தண்ணீர் மெதுவாகவே சூடாகும், கெட்டில் முன்பில்லாத இரைச்சல் போடும். கட்டஞ்சாயாவின் மேல் எண்ணெய்ப் படலம்போல மிதக்கும் ஏடும் இந்தக் கால்சியத்தின் வேலைதான். ஓர் எலுமிச்சைத் துண்டு பிழிந்தால் ஏடு மறைவதை சுலைமானிக்காரர்கள் ரசாயனம் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கெட்டிலுக்கும் அதே மருந்து. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலம், அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி. கொதித்து நின்றபின் அரை மணி நேரம் விட்டு, கொட்டி, வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும். இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம். பழுப்புப் புள்ளிகளைக் கண்டு கெட்டில் துருப்பிடித்துவிட்டது என்று தூக்கி எறிவதற்குமுன் இதைச் செய்து பாருங்கள்; பல நேரங்களில் அது தண்ணீரிலிருக்கும் இரும்பின் கறையாக இருக்கும். இந்த வேலையை நினைத்துத்தான் நான் வாய் அகலமான கெட்டிலைச் சிபாரிசு செய்கிறேன். கை உள்ளே போக வேண்டும். அடியில் கம்பிச் சுருள் தெரிகிற பழைய மாடல் வேண்டவே வேண்டாம். சுருளுக்கு இடுக்கில் படியும் உப்பைச் சுரண்ட உங்களுக்கு இன்னொரு பிறவி தேவைப்படும். தட்டையான அடித்தட்டுக்குள் சூடேற்றி மறைந்திருக்கும் வகையே நல்லது.

ஹாஸ்டல் மாணவர்கள் வேறு காரணத்துக்காக அகல வாயைத் தேடுகிறார்கள். முட்டை அவிக்க, நூடுல்ஸ் கிண்ட. விடுதிக் காப்பாளர்கள் கெட்டிலைப் பறிமுதல் செய்வதற்கு மின்கட்டணத்தைவிட இந்தச் சமையல்தான் பெரிய காரணமாக இருக்கும். சாதாரணக் கெட்டிலில் நூடுல்ஸ் போட்டால் மாவுச்சத்து நுரைத்து, பெரியம்மாவின் பால் செய்ததையே செய்யும். இதற்கென்றே 'மல்டி கெட்டில்' என்று வந்திருக்கிறது. மூக்கில்லாத, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுள்ள சின்னப் பானை. அதைக் கெட்டில் என்று அழைப்பது ஒரு மரியாதைக்குத்தான். ஆனால் நோக்கத்துக்குப் பொருந்துகிறது.

அடுப்பில் வைக்கும் கெட்டிலுக்கு இன்னும் இடம் இருக்கிறதா? இருக்கிறது, சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. தரச் சான்றுள்ள கேஸ் அடுப்பே குறைந்தது 68 சத வெப்பத் திறன் காட்டினால் போதும் என்கிறது இந்தியத் தரம். அதுவும் சோதனைக்கூடத்தில், அகலமான பாத்திரத்தில். குறுகிய அடியுள்ள கெட்டிலைப் பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி, கைப்பிடியைச் சுட்டுவிட்டுக் கூரைக்குப் போகும். ஆகவே அடி அகலம், உயரம் குறைவு, கைப்பிடி தீயின் பாதையில் நிற்காமல் மேலே வளைந்திருப்பது, இவைதான் அடுப்புக் கெட்டிலின் இலக்கணம்.

விசில் என்பது தனி சுவாரசியம். மூக்கின் நுனியில் இரண்டு சிறு தகடுகள், நடுவில் ஓட்டைகள். ஆவி அவற்றின் வழியே பாயும்போது ஏன் பாடுகிறது என்று ராலே பிரபு 19-ஆம் நூற்றாண்டிலேயே யோசித்தார். 2013-இல் கேம்பிரிட்ஜ் பொறியாளர்கள் முழு விடையைத் தந்தார்கள். ஆவி மெதுவாக வரும்போது வாய் குறுகிய பாட்டிலில் ஊதுவதுபோல ஒலிக்கிறது. வேகம் கூடியதும் இரண்டாம் ஓட்டையைத் தாண்டிய சுழல்கள் புல்லாங்குழலைப் போலக் குழாயை அதிரவைக்கின்றன. இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக மைக்கேல் கிரேவ்ஸ் 1985-இல் வடிவமைத்த கெட்டிலில் ஒரு சிவப்புக் குருவி உட்கார்ந்துகொண்டு கூவும். நம் வீட்டில் சிக்கல் என்னவென்றால், விசில் கேட்டால் எண்ணிப் பழகியவர்கள் நாம். "மூணு விசில் வரட்டும்" என்று மாமியார் உள்ளிருந்து சொல்ல, குக்கரோ கெட்டிலோ என்று தெரியாமல் மருமகன் நிற்க, ஒரே விசிலாக அது நீண்டுகொண்டே போகும்.

அடுப்புக் கெட்டில் செய்யும் பொருள்களில், எனாமல் பூச்சுக் கெட்டில் பார்க்க இனிமை. கீழே விழுந்து ஓர் இடத்தில் உதிர்ந்தால் அங்கிருந்து துரு தொடங்கும். செம்பு, பித்தளை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். ஜப்பானிய வார்ப்பிரும்புக் கெட்டில் என்று விற்பதில் உட்புறம் எனாமல் பூசியிருந்தால் அது ஊறவைக்கும் குடுவை. அடுப்பில் வைக்கக் கூடாது. டீக்கடைப் பையன்கள் அலுவலகங்களுக்குத் தூக்கிச் சென்ற அலுமினியக் கெட்டில் இலேசானது, சீக்கிரம் சூடாகும். புளிப்பான எலுமிச்சைத் தேநீரை அதில் ஊறவிடுவது மட்டும் சரியில்லை.

இப்போது டிகிரிக் கணக்கு வைக்கும் கெட்டில்கள் வந்திருக்கின்றன. 70, 80, 90 என்று அமைத்தால் அங்கேயே நிறுத்திப் பிடித்து வைக்கும். க்ரீன் டீயைக் கொதிநீரில் போட்டால் கசந்துவிடும், 75 முதல் 80 போதும் என்பது சரிதான். குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் இது வசதி. தினம் நாலு முறை க்ரீன் டீ குடிப்பவருக்கு இது தகும். வாரத்தில் ஒரு நாள் குடிப்பவருக்கு டவரா டம்ளர் போதும். கொதிநீரை ஒரு முறை பாத்திரம் மாற்றினால் ஐந்தாறு டிகிரி இறங்கும், மூன்று ஆற்று ஆற்றினால் 80-ஐ ஒட்டி வந்துவிடும். அன்னக் கழுத்துபோல வளைந்த மெல்லிய மூக்குள்ள கெட்டில் காபித் தூள்மேல் நூலிழையாக நீர் விடுகிறவர்களுக்கானது. பித்தளை ஃபில்டர்க்காரர்களுக்கு அதில் காத்திருக்கும் வேதனை மட்டுமே மிச்சம்.

மலைவாசிகளுக்கு ஒரு குறிப்பு. உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94-ஐ ஒட்டி. டிகிரிக் கெட்டிலில் 95 என்று அமைத்துவிட்டு ஊட்டியில் காத்திருந்தால் அந்த எண் வரவே வராது. ஆவியை மட்டும் பார்க்கும் சாதாரணக் கெட்டில் எந்த மலையிலும் சரியான நேரத்தில் 'டக்' என்று நிற்கும். மலிவானதே புத்திசாலியாகும் அபூர்வமான சந்தர்ப்பம்.

கடைசியாக அளவு. ஒன்றரை லிட்டர் கெட்டில் நிரம்பினால் பாத்திரத்தோடு சேர்த்து இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. மூட்டுவலி உள்ள கை அதைச் சாய்த்து ஊற்ற முடியுமா என்று யோசிக்க வேண்டும். தனியாக இருக்கும் முதியவருக்கு ஒரு லிட்டரே அதிகம். குறைந்தபட்சக் கோடு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது அரை லிட்டரில் இருந்தால், ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டரை டம்ளர் கொதிக்க வேண்டிவரும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மூக்கின் உதடு கூர்மையாக இருந்தால் நீர் அறுந்து விழும். மழுங்கலாக இருந்தால் மூக்கின் அடியிலேயே வழிந்து மேடைக்குப் போகும். நான் ஐந்து கெட்டில்களைச் சாய்த்துப் பார்த்து ஆறாவதை வாங்கினேன்.

அந்த ஆறாவது கெட்டில், ஒன்றரை லிட்டர், அகல வாய், உட்புறம் முழுக்க எஃகு, இப்போது எங்கள் மேடையில் பவர் பாயிண்டை ஒட்டி நிற்கிறது. புயல் வந்து மூன்று நாள் மின்சாரம் போனபோது பரணிலிருந்து இறக்கிய விசில் கெட்டிலும் பக்கத்தில் அப்படியே தங்கிவிட்டது. போன மாதம் பெரியம்மா மறுபடி வந்தார். காலை ஐந்து மணிக்கு மின்கெட்டிலில் வெந்நீர் போட்டு, ஃபிளாஸ்கை நிரப்பி, தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, அடுப்பில் சாஸ்பேனை வைத்துப் பக்கத்திலேயே நின்றார், பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு.